லாரி குடித்த தண்ணீர் எங்கே?

மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும் பழைய லாரி திடீரென்று ஓரங்கட்டும். முன்பக்கத்திலிருந்து புகை போல ஆவி கிளம்பும். கிளீனர் குதித்து இறங்கி, பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடி ஓடுவார்.

சேலத்திலிருந்து தர்மபுரி போகும் நெடுஞ்சாலையில், தொப்பூர் மேட்டில், இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பாவம், வண்டிக்குத் தாகம்!" என்று சொல்லிவிட்டு நம் பஸ் கடந்து போயிருக்கும்.

ஆனால் ஒரு விஷயம். நன்றாக இருக்கும் லாரிக்குத் தாகமே எடுக்காது!

டீசல்தான் எரிந்து தீரும். என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் எரிவதும் இல்லை, தீர்வதும் இல்லை. ஊற்றிய தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. தினமும் ஊற்றவேண்டி இருந்தால், அந்தத் தண்ணீர் எங்கோ ஓடிப்போகிறது என்று அர்த்தம். எங்கே போகிறது என்று பார்க்காமல் குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒருநாள் என்ஜினே போய்விடும். ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைக்கும் வீட்டில், என்ஜின் போனால் அடுப்பும் அணைந்த மாதிரிதான்.

லாரிக்கு எதற்குத் தண்ணீர்?

என்ஜினுக்குள் டீசல் எரியும்போது, எரியும் இடத்தில் சூடு 2,000 டிகிரி வரை போகும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். வார்ப்பு இரும்பே 1,200 டிகிரி அளவில் உருகும். அப்படியானால் என்ஜின் ஏன் உருகவில்லை?

தண்ணீர்தான் காப்பாற்றுகிறது.

டீசல் தரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகைக் குழாய் வழியாக வெளியே போகிறது. மிச்சம் உள்ளது என்ஜினின் உடம்பில் ஏறுகிறது. அந்தச் சூட்டை எடுத்து வெளியே கொட்டுவதுதான் தண்ணீரின் வேலை.

வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. அது என்ஜின் உடம்புக்குள் இருக்கும் வழிகளில் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பிறகு மேலே உள்ள ரப்பர் குழாய் வழியாக முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்குகிறது. விசிறி காற்றை இழுத்துத் தண்ணீரை ஆற வைக்கிறது. ஆறிய தண்ணீர் கீழ்க் குழாய் வழியாக மறுபடியும் பம்புக்குப் போகிறது.

தோசைக்கல் சூட்டை வாங்கிக்கொண்டு காற்றில் ஆற்றிவிட்டுத் திரும்பும் வேலைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரேடியேட்டருக்குத் தேன்கூடு போன்ற உருவம் கொடுத்தவர் ஜெர்மானியர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ம் ஆண்டில் 'மெர்சிடிஸ்' என்ற பெயரில் உருவான முதல் காருக்காக அவர் அதைச் செய்தார். அந்த ஒரு ரேடியேட்டரில் மட்டும் 8,070 சிறு குழாய்கள்! அதற்கு முன் பெரிய தொட்டி நிறையத் தண்ணீர் சுமந்துகொண்டு கார்கள் ஓடின. இன்றைய லாரி ரேடியேட்டரின் அமைப்பு வேறு. ஆனால் நிறையக் காற்று, கொஞ்சம் தண்ணீர் என்ற தந்திரம் அன்று பிறந்ததுதான்.

மூடி அல்ல, காவல்காரன்!

ரேடியேட்டரின் வாயில் ஒரு மூடி இருக்கிறது. பார்த்தால் சாதாரணத் தகர மூடி. 'எது பொருந்தினாலும் சரி' என்று கண்ட மூடியைப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து, பழைய லாரியில் இவ்வளவு அலட்சியமாக நடத்தப்படும் சாமான் வேறு இல்லை.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது கடல் மட்டத்தில். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேடு ஏறும் லாரிக்கு இரண்டு தொல்லை. என்ஜின் சூடு ஏறுகிறது. கொதிக்கும் அளவோ இறங்குகிறது!

இங்கேதான் மூடி உதவுகிறது. வீட்டில் குக்கர் வெயிட் போடுகிறோமே, அதே வேலைதான். மூடிக்குள் ஒரு சுருள் கம்பி இருக்கிறது. அது தண்ணீரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஏழு பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால், தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும்.

மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது. சீக்கிரமே கொதிக்கும். ஆவியும் தண்ணீரும் பக்கத்தில் உள்ள சிறு குழாய் வழியாக வெளியே போய்விடும். என்ஜினில் ஓட்டை இல்லை. ரேடியேட்டரில் ஓட்டை இல்லை. ஆனாலும் தண்ணீர் குறையும்!

நாலு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிடும் காசுக்கு ஒரு மூடி வாங்கிவிடலாம்.

அந்த மூடிக்கு இன்னொரு முகமும் உண்டு. சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால், அடங்கி இருந்த தண்ணீர் ஒரே நொடியில் கொதித்துப் பீறிட்டு அடிக்கும். முகமும் கையும் வெந்துவிடும். அவசரத்தில் மூடியைத் திருகி, ஆயுள் முழுவதும் தழும்போடு இருக்கிறவர்களை எந்த லாரி ஸ்டாண்டிலும் பார்க்கலாம். வண்டியை நிறுத்தி, என்ஜின் ஆறி, மேல் குழாயைக் கையால் பிடிக்க முடிகிற வரையில் மூடியைத் தொடக்கூடாது. அரைமணி ஆனாலும் சரி, ஒரு மணி ஆனாலும் சரி.

கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் ஆபத்து. சூடான கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீர் விட்டால் என்ன ஆகும்? என்ஜினின் மேல்பாகமான 'ஹெட்'டும் அப்படித்தான் விரிசல் விடும்.

முள் இறங்கினால் மகிழாதீர்கள்!

டிரைவருக்கு முன்னால் சூடு காட்டும் மீட்டர் ஒன்று இருக்கிறது. முள் சிவப்புக்குப் போனால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சில நேரம், மேலே ஏறிக்கொண்டே போன முள் சட்டென்று கீழே இறங்கிவிடும். 'அப்பாடா, ஆறிவிட்டது!' என்று டிரைவர் மேலும் அழுத்துவார்.

அது ஆறியது அல்ல. சூட்டை அளக்கும் கருவி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் கணக்குச் சொல்லும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், அது வெறும் இடத்தை அளந்து பொய் சொல்லும். உள்ளே தண்ணீரே இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம்! அந்த நிமிடமே நிறுத்தினால் என்ஜின் பிழைக்கும். இன்னும் சில மைல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஒரு சொட்டுகூடக் கீழே இல்லை

நாமக்கல் வட்டாரத்தில் லாரி இல்லாத ஊரைத் தேடவேண்டும். காஸ் டேங்கர் ஓட்டுகிறவர்கள், முட்டை லோடு அடிப்பவர்கள், பாடி கட்டுகிறவர்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரர்கள் என்று லாரியை நம்பியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு பட்டறையில் நான் பார்த்த வேலை இது.

வண்டிக்கு வயது இருபது. உரிமையாளரே டிரைவர். நாற்பது வயது இருக்கும். பெங்களூர் போய்வருவதற்குள் ஐந்து லிட்டர் தண்ணீர் குறைகிறது. ஒரு மாதமாக இதே கதை.

அவர் போன முதல் பட்டறையில், "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், என்ஜினைப் பிரிக்கவேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. செலவு அவர் கையில் இருக்கும் பணத்தைப் போல எத்தனையோ மடங்கு. டயர் வாங்கும்போதே மனைவியின் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது. மகள் கல்லூரியில் முதல் வருஷம். லாரியை வந்த விலைக்குப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இந்தப் பட்டறைக்கு வந்தார். மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல்.

"எவ்வளவு குடிக்குது, தம்பி?"

"பெங்களூர் போய்வந்தா அஞ்சு லிட்டருங்க, அண்ணே."

"நின்ன இடத்துல கீழே ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்லீங்க. அதான் பயமா இருக்குதுங்க."

"புகை வெள்ளையா வருதா?"

"இல்லீங்க. எப்பவும் போலத்தான் வருது."

மேஸ்திரி ஸ்பானரைத் தொடவில்லை. "ஆறட்டும். டீ குடிச்சுட்டு வாங்க" என்றார்.

வண்டி ஆறியதும் அவர் செய்த முதல் காரியம், ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்ததுதான். ஆயில் கறுப்பாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் அது பால் விட்ட காப்பி நிறத்தில் நுரைத்துப்போய் இருக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்திலும் அந்த நுரை இல்லை.

அடுத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஹெட் கேஸ்கட் கிழிந்திருந்தால், எரியும் புகை தண்ணீருக்குள் புகுந்து குமிழி குமிழியாக மேலே வரும். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் அமைதியாக இருந்தது.

"ஹெட்டு மேல சந்தேகம் வேண்டாம். வேற எங்கயோ இருக்குது" என்றார் மேஸ்திரி.

டிரைவர் பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். வைத்தியர் நாடி பார்க்கும்போது, நோயாளி எதற்குப் பயப்படுகிறானோ அதை முதலில் விசாரித்து முடிப்பது நல்ல வைத்தியம். இந்த மேஸ்திரிக்கு அது தெரிந்திருந்தது.

கைப்பம்பு காட்டிக்கொடுத்தது

பிறகு ஒரு சின்னக் கருவி வந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு போல. மேலே கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர். அதை ரேடியேட்டரின் வாயில் மாட்டிப் பத்துப் பதினைந்து தடவை அடித்தார். முள் ஏழு பவுண்டில் நின்றது.

இந்தச் சோதனையின் அருமை என்னவென்றால், என்ஜின் ஓடத் தேவையில்லை. சூடும் இல்லை, ஆபத்தும் இல்லை. ஓடும்போது உள்ளே என்ன அழுத்தம் இருக்குமோ, அதே அழுத்தம் நின்ற இடத்திலேயே கிடைத்துவிடும். ஓட்டை இல்லாவிட்டால் முள் அசையாது.

பதினைந்து நிமிடத்தில் முள் ஏழிலிருந்து நாலுக்கு இறங்கியது! அதே பம்பில் மாட்டி மூடியையும் பார்த்தார். மூடியும் சரியாக நிற்கவில்லை. ஆனால் மூடி கெட்டது மட்டும் இல்லை. வண்டியிலும் ஓட்டை உண்டு.

இப்போது தேடல் ஆரம்பம். டார்ச் விளக்கும் ஒரு சின்னக் கண்ணாடியும்தான் ஆயுதம்.

மேல் ரப்பர் குழாயை அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் உப்பியிருந்தது. ஆனால் ஈரம் இல்லை. குழாயின் இரு முனையிலும் உள்ள கிளிப்புகளைச் சுற்றி விரலால் தடவினார். காய்ந்திருந்தது. ரேடியேட்டரின் முன்புறம், பின்புறம், அடித்தொட்டி, தண்ணீர் இறக்கும் திருகு, எல்லாம் சரி. என்ஜினின் பக்கவாட்டில், வார்ப்பு ஓட்டைகளை மூட அடித்திருக்கும் கிண்ணம் போன்ற தகர அடைப்புகளைப் பார்த்தார். பழைய வண்டிகளில் இவை துருப்பிடித்து ஊசித்துளை விழும். அங்கேயும் இல்லை.

பிறகு விசிறியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். லேசாகக் 'கடக் கடக்' என்றது.

மேஸ்திரியின் முகம் மாறியது. வண்டிக்கு அடியில் படுத்து, விசிறிக்குப் பின்னால் இருக்கும் வாட்டர் பம்பின் வயிற்றுக்குக் கீழே கண்ணாடியை நீட்டினார். பம்பின் அடியில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதிலிருந்து கீழே கோடு கோடாக வெள்ளையும் பச்சையுமாகக் காய்ந்த உப்பு.

அந்த இடத்தைக் கழுவித் துடைத்தார். மறுபடியும் பம்பை அடித்தார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த ஓட்டையில் ஒரு முத்துத் திரண்டது. விழுந்தது. இன்னொன்று திரண்டது.

"வந்துட்டான் திருடன்!" என்று கத்தினான் பட்டறைப் பையன்.

அந்த ஓட்டை தவறுதலாக விழுந்தது அல்ல. பம்பைச் செய்யும்போதே வைப்பது. பம்புக்குள் ஒரு தண்டு சுற்றுகிறது. அதன் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பேரிங். நடுவில் ஒரு 'சீல்' தண்ணீரைத் தடுக்கிறது. சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடாமல், இந்த ஓட்டை வழியாக வெளியே வந்து, 'என்னைக் கவனி' என்று சொல்லும். சிலர் இதற்கு சோப்பை அடைத்து, 'ஒழுகல் நின்றுவிட்டது' என்று சந்தோஷப்படுகிறார்கள். தண்ணீர் பேரிங்கில் இறங்கும். பேரிங் உடையும். விசிறி முன்னால் பாய்ந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும்.

சரி, ஐந்து லிட்டர் போயும் தரையில் ஏன் ஒரு சொட்டு இல்லை?

வண்டி ஓடும்போதுதான் உள்ளே அழுத்தம் ஏறிச் சொட்டு விழுகிறது. விழும் சொட்டை விசிறிக் காற்று பின்னால் வாரி அடிக்கிறது. கொதிக்கும் இரும்பில் பட்டு அது ஆவியாகிவிடுகிறது. நின்று ஆறினால் அழுத்தம் இல்லை, சொட்டும் இல்லை. அகப்பட்டது உப்புத் தடம் மட்டும்தான்.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் உண்டா?

இல்லை. ஆயில் காப்பி நிறமானால், ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால், சூடான பிறகும் வெள்ளைப் புகை தித்திப்பு வாடையோடு வந்தால், உள்ளேதான் கோளாறு. ஹெட் கேஸ்கட் கிழிந்திருக்கலாம். ஹெட் விரிசல் விட்டிருக்கலாம். பிஸ்டன் ஓடும் 'லைனர்' ஓட்டையாகி இருக்கலாம். அப்போது என்ஜினைப் பிரிக்காமல் வேறு வழி இல்லை. பிரிக்கும் வரை ஓட்டவும் கூடாது. தண்ணீர் கலந்த ஆயிலுக்கு வழுவழுப்பு இல்லை. ஒரே பயணத்தில் பேரிங்குகள் எல்லாம் தேய்ந்துவிடும்.

ரேடியேட்டர் ஒழுகினால் அது வேறு வைத்தியம். பழைய லாரிகளின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அதைக் கழற்றி, வாய்களை அடைத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். சைக்கிள் டியூபில் பங்சர் பார்ப்பது போலத்தான். குமிழி வரும் இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். புது வண்டிகளில் அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியும் வந்துவிட்டன. அதில் ஈயம் ஒட்டாது. பெரும்பாலும் புதிதாகத்தான் மாற்றவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பழைய வண்டிக்காரர் கொடுத்துவைத்தவர்!

வழியில் ஒழுகினால் டிரைவர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவார்கள். தூள் தண்ணீரோடு சுற்றி, சிறு ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். நடுக்காட்டில் நின்றுவிட்ட வண்டியைப் பக்கத்து ஊர் சேர்க்க அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியுமா? ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைக்கும். ஒழுகல் நிற்கும். சூடு ஏறும். ஊர் சேர்ந்ததும் கழுவி எடுத்துவிடவேண்டும்.

பம்பு இறங்கியது

மறுநாள் காலையில் வேலை ஆரம்பமானது. முதலில் பாட்டரி வயரைக் கழற்றினார்கள். பழைய தண்ணீரைக் கீழே விடாமல் அகலமான தொட்டியில் பிடித்தார்கள். பெல்ட்டைத் தளர்த்தி, விசிறியைக் கழற்றி, பிறகு பம்பைக் கழற்றினார்கள். மேஸ்திரி ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு அட்டையில் அதே வரிசையில் குத்தி வைத்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. மாறினால் திருகு மரை போய்விடும்.

பம்பைப் பிரித்தபோது, சீல் ஒரு பக்கமாகத் தேய்ந்து கீறல் விழுந்திருந்தது. பேரிங்கில் கிரீஸ் போய்ச் செந்துரு ஏறியிருந்தது. இன்னும் எத்தனை பயணம் தாங்கியிருக்கும் என்று கேட்டேன். மேஸ்திரி பதில் சொல்லவில்லை. பேரிங்கை என் கையில் கொடுத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். மணல் அரைப்பது போல இருந்தது.

புது சீல், புது பேரிங் போட்டார்கள். பம்பு உட்காரும் இடத்தில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட் காகிதத்தைச் சுரண்டி எடுப்பதற்கே ஒரு மணி நேரம் ஆனது. பையன் அவசரப்பட்டான். மேஸ்திரி விடவில்லை. துணுக்கு ஒன்று மிச்சம் இருந்தாலும் அங்கே மறுபடியும் ஒழுகும். புது கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்கள். ஒரு பக்கம் முழுவதும் முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பம்பு சாய்ந்து உட்காரும்.

உப்பிய மேல் குழாய், கிளிப்புகள், பெல்ட், மூடி எல்லாம் புதிது. "இதையும் மாத்தணுமாங்க?" என்று டிரைவர் இழுத்தார். "குழாய் இன்னைக்கு உப்புது, நாளைக்கு வெடிக்கும். கையோட மாத்திடுங்க" என்றார் மேஸ்திரி. சாமான்களும் கூலியும் சேர்ந்த கணக்கைக் கேட்டதும் டிரைவர் இரண்டாவது முறையும் கேட்டு உறுதி செய்துகொண்டார். என்ஜின் பிரிக்கச் சொன்ன தொகையில் அது ஒரு சிறு மூலைதான்.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்

உள்ளே வழிகளில் உப்புப் படிந்திருந்தது. டீக்கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றியதன் பலன். படிந்த உப்பு, இரும்புக்குக் கம்பளி போர்த்திய மாதிரி. சூடு தண்ணீருக்கு இறங்காது. அந்த உப்பும் துருவும் சேர்ந்துதான் சீலையும் அரைத்துத் தள்ளியது. மூன்று தடவை நல்ல தண்ணீர் விட்டு அலசினார்கள்.

பிறகு கூலன்ட் ஊற்றினார்கள். "நம் ஊரில் பனிக்கட்டியா உறையப்போகிறது? கூலன்ட் எதற்கு?" என்று பல பேர் கேட்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். சரிபாதி கூலன்டும் சரிபாதி தண்ணீரும் கலந்தால், மூடியின் அழுத்தம் இல்லாமலே 107 டிகிரி வரை கொதிக்காது. உள்ளே துருப்பிடிக்க விடாது. லைனரின் வெளிச்சுவரையும் காப்பாற்றும். டீசல் என்ஜின் அதிரும்போது அந்தச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றி வெடித்து, நாளடைவில் இரும்பையே குத்தி ஓட்டை போட்டுவிடும். வெறும் தண்ணீரில் ஓடும் வண்டிகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

கலக்கும் தண்ணீர் பாட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீராக இருக்கவேண்டும். என்ஜின் தயாரித்தவர்கள் சொன்ன வகையைத்தான் ஊற்றவேண்டும். பச்சையா சிவப்பா என்று நிறத்தைப் பார்த்து இரண்டு வகைகளைக் கலப்பது கூடாது.

வீட்டுப் பெண்கள் இதையும் கவனிக்கவேண்டும். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தித்திப்பாக இருக்கும். ஆனால் விஷம்! சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும். வாசலில் கொட்டிக் கிடந்தால் நாய், பூனை நக்கிச் செத்துப்போகும். பழைய கூலன்டைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைத்தால், குழந்தைகள் ஷர்பத் என்று குடித்துவிடக்கூடும். இந்தப் பட்டறையில் பிடித்த பழைய தண்ணீரை மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே 'விஷம்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதினார்கள்.

ஊற்றுவதிலும் பக்குவம் இருக்கிறது. வேகமாக ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். காற்று நின்ற இடத்தில் தண்ணீர் போகாது, இரும்பு காயும். மெதுவாக ஊற்றினார்கள். மூடி போடாமல் என்ஜினை மெல்ல ஓடவிட்டு, எட்டிப் பார்க்காமல் தள்ளி நின்றார்கள். கொஞ்ச நேரம் மேல் குழாய் குளிர்ந்தே இருந்தது. 80 டிகிரி தாண்டியதும் தெர்மோஸ்டாட் என்ற கதவு திறக்கிறது. குழாய் சட்டென்று சுட்டது. அடைபட்ட காற்று 'குபுக்' என்று வந்து, தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. அதை நிரப்பி மூடியைப் போட்டார்கள்.

ஆறவிட்டு மறுபடியும் கைப்பம்பை மாட்டினார் மேஸ்திரி. ஏழு பவுண்டு. அரைமணி நேரம் அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது முள் ஏழிலேயே நின்றது.

டிரைவர் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு அன்று இரவே பெங்களூர் கிளம்பினார். "தொப்பூர் மேட்டுல ஒருதரம் நிறுத்திப் பாருங்க. மூடியைத் தொறக்காதீங்க. அடியில ஈரம் இருக்குதான்னு மட்டும் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார் மேஸ்திரி.

மூன்றாம் நாள் காலையில் லாரி பட்டறைக்கு வந்தது. ஆறவிட்டு மூடியைத் திறந்தார்கள். இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. டிரைவரின் முகம் வாடியது.

"அது ஒழுகல் இல்லை, தம்பி. மிச்சம் இருந்த காத்து வெளிய வந்த எடம். நிரப்பிட்டுப் போங்க. அடுத்த தடவை இதுவும் குறையாது" என்றார் மேஸ்திரி.

பம்பின் அடியில் அந்த ஓட்டையைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார். துணி காய்ந்தே இருந்தது.